வாசிகசாலைக்கு மாக்கோ விண்டோஸோ? சூரிச்சும் லண்டனும் சண்டை, தலையிடி எனக்கு

பொருளாளர்_ஏ9 எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். முந்தி ஒருக்கா இஞ்ச தண்ணிப் பம்புக்கு எந்த மோட்டர் நல்லம் எண்டு கேட்டனான். அண்டைக்குச் சொன்ன ஆக்களுக்கு நன்றி, மோட்டர் இன்னும் ஓடுது. இது மோட்டரை விடச் சிக்கல்.

எங்கட ஊர் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில, ஏ9ல இருந்து உள்ளுக்கு மூண்டு கட்டை. வாசிகசாலை எண்டால் பெரிசா நினைக்க வேண்டாம். ஒரு மண்டபம், பேப்பர் வாசிக்க ரெண்டு வாங்கு, ஒரு கரம் போட், பின்னுக்கு ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள்ள கொம்பியூட்டர் வைச்சு ஓஎல், ஏஎல் படிக்கிற பிள்ளையளுக்குப் பழக்குவம் எண்டு போன கூட்டத்தில முடிவெடுத்தம். நான் பொருளாளர். தொழில் வயல், கொஞ்சம் உழுந்து. கொம்பியூட்டரில எனக்குத் தெரிஞ்சது வருசக் கணக்கறிக்கை அடிக்கிறது மட்டும்தான், அதுவும் பாமினி எழுத்துருவில.

காசு வெளிநாட்டில இருந்து வருது. சூரிச்சில இருக்கிற சித்தப்பா 4 இலட்சம் தாறன் எண்டார். லண்டனில இருக்கிற பக்கத்து வளவு அண்ணை 3 இலட்சம் எண்டார். சந்தோசமாத்தான் இருந்தது. எல்லாருக்கும் விளங்கட்டும் எண்டு வட்ஸ்அப்பில ஒரு குறூப் தொடங்கினன். பிழை விட்டது அதிலதான்.

சித்தப்பா சொல்லுறார், அப்பிள் கொம்பனியின்ர மாக் எண்டால்தான் தன்ர காசு வரும் எண்டு. லண்டன் அண்ணை சொல்லுறார், மைக்ரோசொப்ட்டின்ர விண்டோஸ்தான் வேணும், மாக் எண்டால் ஒரு பவுணும் வராது எண்டு. மூண்டு கிழமையா இதே கதை. நான் வாய்க்கால் கட்டில தண்ணி முறைக்குக் காத்துக்கொண்டு இருந்து வொய்ஸ் கேக்கிறன். போன புதன்கிழமை சித்தப்பா போட்டது ஏழு நிமிசம். விண்டோஸ் எண்டது களவு மாடாம், அப்பிளின்ர பட்டியில இருந்து அவிட்டுக்கொண்டு போய்க் குறி மாத்திச் சுட்டதாம். அதுக்கு லண்டன் ஒரே ஒரு வரி எழுதினார்: "1997ல அந்தப் பட்டி பட்டினியில கிடக்கேக்க வைக்கல் போட்டது ஆரெண்டு கொண்ணரைக் கேள்." சித்தப்பாவுக்கு அண்ணன் எண்டால் என்ர அப்பா. அப்பா 2004லயே காலமாயிட்டார். அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல.

இந்த ரெண்டு பேரையும் எனக்குச் சின்ன வயசில இருந்து தெரியும். 1993ல எனக்கு 12 வயசு. வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, பற்றறி உள்ளுக்கு வரத் தடை. கிடைச்ச பற்றறியை வெயிலில காயவைச்சுக் காயவைச்சுப் பாவிச்ச காலம். சித்தப்பாவிட்ட ஒரு நஷனல் றேடியோ இருந்தது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயர் இழுத்து, இடையில ஒரு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போடுவார். அது ரெண்டும் இல்லாட்டி ஆள் கதைக்கிறதை விட இரைச்சல்தான் கூடக் கேக்கும். நான் பெடலைக் கையால சுத்த, பெரியாக்கள் சுத்திவர இருந்து பிபிசி தமிழோசை கேப்பினம். வேலிக்கு அங்கால அண்ணை வீட்டில பிலிப்ஸ் றேடியோ. அங்க பெடல் சுத்தினது அண்ணையின்ர தம்பி. செய்தி ஒண்டு, வாசிக்கிற குரலும் ஒண்டு. முடிஞ்ச உடன ரெண்டு பேரும் வேலியடிக்கு வருவினம், எதின்ர சத்தம் தெளிவு எண்டு கதைக்க. அண்டைக்கு அடுத்த நாள் சித்தப்பா வேணுமெண்டே சத்தத்தைக் கூட்டி வைப்பார். சத்தம் கூடினால் பெடல் பாரமாகும். சண்டை அவைக்கு, கைநோ எனக்கு. அண்டைக்கும் இப்பிடித்தான்.

சரி, விசயத்துக்கு வாறன். அந்தக் களவு மாடும் வைக்கலும் உண்மையோ? ரெண்டாவது, எங்கட ஊர்ப் புழுதிக்கும் கரண்டுக்கும் எது நிண்டுபிடிக்கும்? 2022ல நாட்டில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும். இப்ப அப்பிடி இல்லைதான், ஆனாலும் மழை இருட்டினால் எங்கட பக்கம் லைற் போயிடும். மூண்டாவது கேள்விதான் பெரிசு: ரெண்டு பேரின்ர காசும் போகாமல் இதை எப்பிடி முடிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம்.

கடிச்ச_அப்பிள் எழுதினது:

மாக் வாங்குங்கோ, கதை முடிஞ்சுது. பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை. வைரஸ் குறைவு, தொங்கிறதும் குறைவு. மற்றது எல்லாம் தகரம். சித்தப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

பென்குயின்_முல்லை எழுதினது:

ரெண்டும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கோ. 1991ல ஒரு பின்லாந்துப் பெடியன் பல்கலைக்கழகத்தில படிக்கேக்க தொடங்கினது, இண்டைக்கு உங்கட கையில இருக்கிற அன்ட்ரொயிட் போனுக்கு உள்ளயும் அதுதான் ஓடுது. ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. கடிதம், கணக்கு அடிக்கிற லிப்ரே ஒபிஸும் சும்மா. காசு குடுத்து அடிமையாகிற ரெண்டு கூட்டத்துக்கு நடுவில ஏன் நிக்கிறியள்?

சோல்டர்_கிளிநொச்சி எழுதினது:

பென்குயின் தம்பி, நீரும் ஒரு கூட்டம்தான். சந்தா இல்லாத கூட்டம், அவ்வளவுதான். கோவிக்க வேண்டாம்.

பொருளாளர் அண்ணை, நான் கிளிநொச்சியில 14 வருசமா போனும் கொம்பியூட்டரும் திருத்துறன். எல்லாக் கொம்பனிப் பக்தரும் என்ர மேசைக்கு வந்து போனவைதான்.

களவு மாட்டுக் கதையை முதல் முடிப்பம். அந்த மாடு முதல்ல நிண்டது அப்பிளின்ர பட்டியிலயே இல்லை, ஜெரொக்ஸின்ர பட்டியில. போட்டோக்கொப்பி மெஷின் செய்யிற அதே ஜெரொக்ஸ்தான். கலிபோர்னியாவில அவையின்ர ஆராய்ச்சி நிலையத்தில யன்னல் யன்னலா விரியிற திரையும் மவுஸும் இருந்தது. 1979ல அப்பிளின்ர ஸ்டீவ் ஜொப்ஸ் போய்ப் பாத்தார். சும்மா இல்லை, அதுக்கு ஈடா ஜெரொக்ஸை அப்பிளில பங்கு வாங்க விட்டினம். பேந்து 1984ல மாக் வந்தது. விண்டோஸ் வந்து அதே மாதிரி இருக்குது எண்டு அப்பிள் 1988ல மைக்ரோசொப்ட்டில வழக்குப் போட்டுது. வருசக்கணக்கா இழுபட்டு அப்பிள் தோத்துப் போச்சு. நடுவில ஜெரொக்ஸும் வந்து அப்பிளில ஒரு வழக்குப் போட்டுது, அதுவும் எடுபடேல்ல. எங்கட பக்கம் மாட்டு வழக்கு இணக்கசபைக்குப் போனால் எப்பிடி முடியுமோ அப்பிடி.

வைக்கல் போட்டதும் உண்மை. 1997 ஓகஸ்ட், பொஸ்ரனில அப்பிள் ஆக்களின்ர மாநாடு. கொம்பனி முறிஞ்சு விழுற நிலை. ஜொப்ஸ் மேடையில நிண்டு சொல்லுறார், மைக்ரோசொப்ட் 150 மில்லியன் டொலர் போடுது, மாக்குக்கு ஐஞ்சு வருசத்துக்கு ஒபிஸும் செய்து தருமாம் எண்டு. பின்னுக்கு இருந்த பெரிய திரையில மைக்ரோசொப்ட் பில் கேட்ஸின்ர முகம் வருது. சபை முழுக்கக் கூ எண்டு கத்தினது. தங்கட வீட்டுக்கு அரிசி கொண்டு வந்தவனைப் பாத்துக் கூக்காட்டுற சனம்! வீடியோ இருக்குது, தேடிப் பாருங்கோ. இதை உங்கட சித்தப்பாவுக்கு மட்டும் அனுப்பிப் போடாதையுங்கோ.

போன் பக்கமும் உதே கூத்துத்தான். 2011ல அப்பிள் சாம்சுங்கில வழக்குப் போட்டுது, 2012ல ஜூரி ஒரு பில்லியன் டொலருக்கு மேல கட்டச் சொன்னது, 2018லதான் ரெண்டும் தங்களுக்குள்ள பேசி முடிச்சினம். அந்த வழக்கு நடந்து கொண்டு இருக்கேக்கதான் ஐபோனுக்கு உள்ள இருந்த மூளையைச் செய்து குடுத்தது சாம்சுங். 2017ல வந்த ஐபோன் டென்னின்ர திரையும் சாம்சுங்கின்ர. நான் கழட்டிக் காட்டினாலும் என்னட்ட வாற பெடியள் நம்பாங்கள். பெட்டிக்குள்ள சார்ஜர் இல்லை எண்டு 2020ல சாம்சுங் ஐபோனை நக்கலடிச்சுது. 2021 ஜனவரியில தன்ர பெட்டியிலயும் சார்ஜரை எடுத்துப் போட்டுது. நக்கலடிச்ச போஸ்ற்றையும் அழிச்சுது. அண்டைக்கு என்ர கடையில வேலை செய்த ரெண்டு பெடியளும் மத்தியானச் சோத்தை வேற வேற பக்கம் இருந்து சாப்பிட்டவங்கள்.

இனி உங்கட அறைக்கு வருவம். ஒரு பள்ளிக்கூடத்தில இருந்து ஐஞ்சு கொம்பியூட்டர்ப் பெட்டி திருத்தக் கொண்டு வந்தினம். எந்தக் கொம்பனி எண்டு கேக்காதையுங்கோ, அதில கொம்பனியின்ர பிழை ஒண்டுமில்லை. முதல் பெட்டியைத் திறந்தால் பவர் சப்ளைக்கு உள்ள ஒரு பல்லி. ரெண்டு கம்பிக்கும் இடையில காலை வைச்சிருக்குது, அப்பிடியே காஞ்சு கருவாடு. ரெண்டாவதில நெற்வேர்க் வயர் குத்துற ஓட்டையைக் குளவி மண் வைச்சு அடைச்சுக் கூடு கட்டிப்போட்டுது. ஊசியால கிண்டி எடுக்க உள்ள பச்சைப் புழு மூண்டு, குஞ்சுக்குச் சாப்பாடாம். மற்ற மூண்டும் புழுதி மட்டும்தான். தூரிகையும் புளோவரும் பிடிச்சு ராம் எண்ட மெமரித் தகட்டைக் கழட்டி, ரப்பரால துடைச்சுத் திருப்பிப் போட, ஓடத் தொடங்கிட்டுது. ஐஞ்சுக்கும் சேர்த்து முழுச் செலவு ரெண்டு பவர் சப்ளை.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், டெஸ்க்ரொப் பெட்டி எண்டால் நானும் திறப்பன், உங்கட ஊரில ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற பெடியன் ஒருத்தனும் திறப்பான். இப்பத்தைய மாக்புக்கில, அதுதான் மாக் லப்ரொப்பில, ராம் சிப்போடயே சேர்ந்து வருது, ஹாட் டிஸ்க்குக்குப் பதிலா இருக்கிறதும் போட்டிலயே ஒட்டினது. பழுதாப் போனால் நான் கும்பிட்டுப்போட்டுக் கொழும்புக்கு அனுப்பத்தான் வேணும். அப்பிளுக்கு இலங்கையில சொந்தக் கடையும் இல்லை. ஆனா சித்தப்பா சொல்லுறதையும் முழுக்கத் தள்ளேலாது. 2020ல அப்பிளின்ர சொந்தச் சிப் எம்1 வந்த பிறகு மாக்புக் எயாருக்குச் சூடு தணிக்கிற காத்தாடியே இல்லை. காத்தாடி இல்லாட்டிப் புழுதியை உள்ளுக்கு இழுக்காது. எங்கட ஊருக்கு அது பெரிய விசயம். கரண்ட் போனாலும் பின்னேரம் வரைக்கும் நிக்கும். ஒருத்தர் பாவிக்கிறதுக்கு எண்டால் நானே அதைத்தான் வாங்கச் சொல்லுவன். இருபது பிள்ளை மாறி மாறித் தட்டுறதுக்கு எண்டால் இல்லை.

ஒரு மாக் வாங்கிற காசில கொழும்பில கந்தோருகளில பாவிச்சுக் கழிச்ச பெட்டி நாலு, ஐஞ்சு எடுக்கலாம். இதில ஒண்டு கவனம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட மைக்ரோசொப்ட் கைகழுவிட்டுது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் சிப் எட்டாம் ஜெனரேசனோ அதுக்கு மேலயோ வேணும், ரீபீஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் இருக்க வேணும். இதால கடைக்காரர் ஆறாம், ஏழாம் ஜெனரேசன் பெட்டியளை மலிவுக்குத் தள்ளி விடுறாங்கள். "ஐ7 தம்பி, ஐ7" எண்டுவாங்கள். ஐ7 எண்டதைப் பாக்காதையுங்கோ, அதுக்குப் பிறகு வாற இலக்கத்தைப் பாருங்கோ. நாலு இலக்கம் எண்டால் 8இலயோ 9இலயோ தொடங்க வேணும், ஐஞ்சு இலக்கம் எண்டால் பத்தாம் ஜெனரேசனோ அதுக்கு மேலயோ, அதுவும் சரி. ஏற்கெனவே ஆறாம் ஜெனரேசன் ஆராவது சும்மா தந்தால் அதில பென்குயின் தம்பியின்ர சாமானைப் போடுங்கோ, வடிவா ஓடும்.

ஐப்பசி, கார்த்திகையில இடி முழங்கத் தொடங்கினால், கரண்ட் போனால் தாங்கிற யூபிஎஸ் பற்றறிப் பெட்டி இருக்குது எண்டு பாத்துக்கொண்டு நிக்காமல் பிளக்கைக் கழட்டுங்கோ. ரெலிபோன் வயரையும் சேர்த்து. அதாலயும் வரும்.

கடைசியா ஒண்டு. ஆராவது பாவிச்சதை அனுப்பிறதெண்டால் முதல் அதில இருக்கிற தங்கட அப்பிள், கூகிள் கணக்கைக் கழட்டிப்போட்டு அனுப்பச் சொல்லுங்கோ. போன மாதம் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அம்மா லேஞ்சியில சுத்திக்கொண்டு ஒரு போன் கொண்டு வந்தா. மகன் பிரான்சில இருந்து ஆரிட்டயோ குடுத்து விட்டது. பழைய கணக்கோட வந்து பூட்டுப்பட்டுக் கிடக்குது. "தம்பி, அவன்ர பிறந்த திகதியைப் போட்டுப் பாரும்" எண்டா. போட்டன். அவ தன்ர பிறந்த திகதியையும் போடச் சொன்னா, பேந்து தங்கட கலியாணத் திகதி. திறக்கேல்ல. பாட்ஸுக்கு வித்தால் கொஞ்சம் வரும் எண்டன். "அவன் அனுப்பினது" எண்டு திருப்பிச் சுத்திக்கொண்டு போட்டா. மூண்டு கிழமையால மகனுக்குப் பாஸ்வேட் ஞாபகம் வந்து அங்க இருந்தே கணக்கைக் கழட்டினார். அங்க இருந்தே செய்யலாம், அதுதான் பலருக்குத் தெரியாது.

பொருளாளர்_ஏ9 எழுதினது:

சோல்டர் தம்பி, பெரிய உதவி. குளவிக் கதையை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். எங்கட வீட்டு ரிவிக்குப் பின்னாலயும் மண் ஒட்டி இருக்குதாம், இப்பதான் சொல்லுறா. வைக்கல் வீடியோவை ஆரோ ஏற்கெனவே குறூப்பில போட்டாச்சு. சித்தப்பா குறூப்பை விட்டு வெளியேறிட்டார்.

ஐசிரி_ரீச்சர் எழுதினது:

துணுக்காய்ப் பக்கம் படிப்பிக்கிறன். பிள்ளையளின்ர பக்கத்தால ஒரு கதை.

பத்தாம், பதினொராம் வகுப்புப் பாடத்தில சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம், பிறகு பஸ்கால் மொழியில சின்னச் சின்ன நிகழ்ச்சித்திட்டம். இதில மாக்கால ஏலாது, விண்டோஸால ஏலாது எண்டு ஒண்டுமே இல்லை. ப்ரீ பஸ்கால் மூண்டிலயும் ஓடும். ஆனால் பள்ளிக்கூட லாப்பில இருக்கிறது விண்டோஸ். பின்னேரம் வாசிகசாலைக்கு வாற பிள்ளை கொப்பி பண்ணுறதுக்கு எந்தக் கட்டையை அமத்திறது எண்டு தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. மாக்கில கொன்ரோல் கட்டையும் இருக்குது, கொமாண்ட் கட்டையும் இருக்குது. பெரியாக்களுக்கே ஒரு கிழமை பிடிக்கும்.

என்ர வகுப்பில போன வருசம் ஒரு சண்டை. "ரீச்சர், ஐபோன்காரர் விண்டோஸ் பாவிக்கலாமோ?" எண்டு ஒரு பெடியன் கேட்டான். சைவக்காரர் முட்டை சாப்பிடலாமோ எண்டு கேக்கிற மாதிரி. அவன்ர வீட்டில ஐபோனும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. மாமா கனடாவில ஐபோன் வைச்சிருக்கிறாராம், அதால தாங்கள் ஐபோன்காரர். பக்கத்தில இருந்த பிள்ளை உடன சொல்லிச்சுது, தாங்கள் சாம்சுங் எண்டு. அதுகளிட்ட இருந்ததும் தாயின்ர பட்டன் போன்தான்.

அண்டைக்குப் பாடத்தை விட்டுப்போட்டு இதைத்தான் கதைச்சன். 1984ல அப்பிள் தன்ர மாக்குக்குச் செய்த விளம்பரத்தில ஒரு பெரிய திரையில ஒரு சர்வாதிகாரி கத்துவான், ஒரு பொம்பிளை ஓடி வந்து சம்மட்டியால எறிஞ்சு உடைப்பாள். அந்தத் திரையில நிண்டவன் ஐபிஎம் எண்டுதான் எல்லாரும் விளங்கினவை. 1991ல அதே ஐபிஎம்மோட அப்பிள் கைகோத்து பவர்பீசி எண்ட சிப்பைச் செய்தது. 2005ல அதையும் விட்டு இன்ரெல்லுக்குப் போகப் போறம் எண்டினம், 2020ல இன்ரெல்லையும் விடத் தொடங்கிட்டினம். இண்டைக்கு ஐபோனில தேடினால் கூகிள் வருதெல்லோ, அந்த இடத்துக்கு 2022ல மட்டும் கூகிள் அப்பிளுக்குக் குடுத்தது 20 பில்லியன் டொலர் எண்டு அமெரிக்க நீதிமன்ற வழக்கில வெளியில வந்தது. அன்ட்ரொயிட்டைச் செய்யிறதும் அதே கூகிள்தான். கரும்பலகையில 20க்குப் பிறகு ஒன்பது சைபர் போட்டன். வகுப்பு அமைதியாயிட்டுது. அந்தப் பெடியன் மட்டும் கையை உயத்தி, "அப்ப ரீச்சர், எங்களுக்கு ஏன் ஒண்டும் தரேல்ல?" எண்டான்.

பனிக்குளிர் எழுதினது:

நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். சொந்த இடம் புதுக்குடியிருப்பு. முதல்ல ஒப்புக்கொள்ளுறன், நானும் உங்கட சித்தப்பாவின்ர கட்சி. மாக், ஐபோன், மணிக்கூடு எல்லாம். ஒரு கலியாண வீட்டில மச்சானோட இதில வாய்த்தர்க்கப்பட்டு, பந்தியில இருந்து எழும்பினவன் நான். பிறகு வெக்கமாப் போச்சு, அது வேற.

இஞ்ச வந்த முதல் மாரி உணவுக்கடையில கோப்பை கழுவினன். சம்பளம் வந்த உடன வீட்டு வாடகை, ஏஜென்சிக் கடன், ஊருக்கு அனுப்பிறது. அவ்வளவுதான், முடிஞ்சுது. ரெண்டாவது வருசம் ஒரு பழைய வெள்ளை மாக்புக், ஆரோ மாணவன் வித்தது, வாங்கினன். அதுக்கு முதல் எனக்கெண்டு நான் வாங்கின சாமான் ஒரு குளிர்ச் சப்பாத்து மட்டும்தான். ஒரு மூலை உடைஞ்சு இருந்தது, ரேப் ஒட்டி இருந்தன். அதிலதான் இங்கிலீஷ் படிச்சது, அம்மாவை ஸ்கைப்பில பாத்தது, அதிலதான் வேலைக்கு விண்ணப்பம் போட்டது. எட்டு வருசம் ஓடினது. இப்பவும் அலுமாரிக்குள்ள கிடக்குது. அதை ஆராவது தகரம் எண்டால் எனக்குக் கோவம் வரும். அப்பிள் கொம்பனிக்காக வாற கோவம் இல்லை அது. 2017ல பழைய ஐபோனை வேணுமெண்டே மெதுவாக்கினம் எண்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவை. பற்றறி பழசானால் போன் திடீரெண்டு நிண்டு போகாமல் இருக்கத்தான் எண்டு விளக்கம் சொன்னாலும், முதலே சொல்லாமல் விட்டது பிழைதான். அதுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டன்.

சித்தப்பாவைக் குறூப்பில வைச்சு மடக்காதையுங்கோ. அவர் எந்த வருசம் போனவர், என்ன வேலை செய்தவர் எண்டு எனக்குத் தெரியாது. தனிய ஒரு கோல் எடுங்கோ. அங்கத்தைய நேரம் ஞாயிறு காலமை எண்டால் நல்லம், வேலை இராது. யூபிஎஸ் ஒண்டுக்கு நான் காசு போடுறன். எந்தக் கொம்பனி எண்டாலும் சரி.

கடிச்ச_அப்பிள் எழுதினது:

நான் இன்னும் மாக் எண்டுதான் சொல்லுறன்.

பொருளாளர்_ஏ9 எழுதினது:

கேட்ட ஆக்களுக்கு முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஞாயிறு கூட்டத்துக்கு 11 பேர் வந்தவை. நான் சோல்டர் தம்பி எழுதினதைத் தாளில எழுதிக்கொண்டு போய் வாசிச்சன். எட்டாம் ஜெனரேசன், ரீபீஎம், காத்தாடி எல்லாம். தலைவருக்கு 74 வயசு. எல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரை எண்டுதான் நினைச்சம். கடைசியாக் கண்ணைத் திறந்து ஒரு கேள்வி: "உதில கோயில் நோட்டீஸ் அடிக்கலாமோ?" அடிக்கலாம் எண்டன். "மற்றதில?" அதிலயும் அடிக்கலாம் ஐயா, பாமினி ரெண்டிலயும் போடலாமாம் எண்டன். "அப்ப என்னத்துக்கடா மூண்டு கிழமை?" எண்டு கேட்டுப்போட்டு வெத்திலைப் பையை எடுத்துக்கொண்டு எழும்பிட்டார்.

அண்டைக்கே சித்தப்பாவுக்குத் தனிய எடுத்தன். பனிக்குளிர் சொன்ன மாதிரிக் காலமை நேரம் பாத்து, எங்கட மத்தியானம் ஒண்டரைக்கு. முதல்ல முகம் குடுத்துக் கதைக்கேல்ல, சுகமோ மழையோ எண்டு ரெண்டு சொல். நான் கொம்பியூட்டரைப் பற்றி வாயே திறக்கேல்ல. சித்தப்பா, அந்த நஷனல் றேடியோ கடைசியா என்ன ஆனது எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, லைன் போட்டுது எண்டு நினைச்சன். பேந்து சொன்னார், தான் வெளிக்கிடேக்க அதை அண்ணை வீட்டிலதான் குடுத்துப்போட்டுப் போனதாம். வேலிக்கு மேலால நீட்டினவராம். அண்ணை வாங்கிப் பாத்துப்போட்டு, "இதின்ர டயோட் பிழையடா, அதுதான் உனக்கு இவ்வளவு நாளும் இரைஞ்சது" எண்டாராம். எனக்கு இது புதினம். "உண்மையில இரைஞ்சதோ சித்தப்பா?" எண்டன். "நீ ஒழுங்காச் சுத்தேல்ல" எண்டார். சிரிக்கிறது கேட்டது.

அரை மணித்தியாலம் கதைச்சு வைக்கப் போகேக்க அவராத்தான் சொன்னார்: பெட்டியை அவனே வாங்கட்டும், விண்டோஸுக்குத் தன்ர காசு ஒரு சதமும் போகாது. ஆனால் பிள்ளையள் நிலத்தில இருந்து தட்டேலாது, மேசை, கதிரை, வயரிங், மிச்சத்துக்கு யன்னலுக்குக் குளவி வராத வலை. 4 இலட்சமும் அதுக்கு. குறூப்பில திருப்பிச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தன்.

லண்டன் அண்ணை உடன சரி எண்டு 3 இலட்சத்தை அனுப்பிட்டார். சோல்டர் தம்பி வெள்ளிக்கிழமை என்னோட கொழும்புக்கு வாறார், மூண்டு பெட்டி பாக்க. நாலு இலக்கத்தையும் தானே பாக்கிறாராம்.

மேசை மாங்குளத்துத் தச்சரிட்டச் சொல்லியாச்சு. கதிரை மட்டும் இன்னும் வாங்கேல்ல. நேற்றுச் சித்தப்பா குறூப்பில ஒரு பிளாஸ்ரிக் கதிரையின்ர படம் போட்டு, இந்தக் கொம்பனிதான் வேணும் எண்டு எழுதினார். இண்டைக்கு விடியக் காலமை பாத்தன், லண்டனில இருந்து ஒரு வொய்ஸ் வந்து கிடக்குது. நாலரை நிமிசம்.